களி உருண்டைக்குள் ஒரு குட்டி ‘டூல் பிட்’!

ஓசூர் பக்கம் ஒரே உருண்டைக்கு மூன்று பெயர்கள். தமிழில் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கடி. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது கேழ்வரகுதான். ‘களி சாப்பிட்டால் தெம்பு’ என்று கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் சுவாரஸ்யமான வேதியியல் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, ஓசூர் பட்டறைகளில் ஓடும் லேத் மெஷினைப் பார்த்தாலே போதும்.

லேத் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இரும்பைச் சீவுவது அதில் மாட்டியிருக்கும் விரல் அளவு டூல் பிட்தான். பிட் இல்லாவிட்டால் மோட்டார் சுற்றும், வேலை நடக்காது. நம் உடலில் அந்த லேத்தான் என்சைம் எனப்படும் நொதி. புரதத்தால் ஆன பெரிய மூலக்கூறு அது. பல நொதிகளுக்கு டூல் பிட் போல ஒரு ‘துணை நொதி’ தேவை. பி வைட்டமின்கள் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

சோறோ, களியோ... மாவுச்சத்து குளுக்கோஸாகி, பிறகு பைருவேட்டாக உடைகிறது. அதிலிருந்து சக்தியை எடுக்கும் நொதித் தொகுப்புக்கு ஐந்து துணை நொதிகள் வேண்டும். நான்கு, பி1, பி2, பி3, பி5 வைட்டமின்களிலிருந்து உருவாகின்றன. முதல் வெட்டு பி1 உடையது. இதன் இன்னொரு பெயர் தயமின்.

அந்த மூலக்கூறில் ‘கூர்முனை’ ஒரேயொரு கார்பன் அணு என்பதை 1958-ல் கண்டுபிடித்தார், அமெரிக்க வேதியியலாளர் ரொனால்டு பிரெஸ்லோ. அதே பாணியில் செயற்கையாக உருவாக்கப்பட்ட குட்டி மூலக்கூறுகள், புரதத்தின் துணையே இல்லாமல் இன்று ஆய்வுக்கூடங்களில் வேதிவினைகளை நடத்துகின்றன. லேத் இல்லாமலே வெட்டும் பிட்கள்!

சரி, உடலில் பி1 தீர்ந்துபோனால்? கால் மரத்துப்போவது, வீக்கம், இதயத் தளர்ச்சி என வரும் ‘பெரிபெரி’ நோய்தான் பதில். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு பி1-ம் போய்விடுவதே இதற்கு முக்கியக் காரணம். இந்த நோயை ஆராய 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பிரிவுதான், ஹைதராபாத்தில் இருக்கும் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

அந்த நிறுவனத்தின் 2017-ம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் பி1 சுமார் 0.05 மில்லிகிராம். புழுங்கலரிசியில் 0.17. கேழ்வரகில் 0.37! நெல்லை உமியோடு அவிக்கும்போது, வெளிப்புறத்தில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்குகிறது. புழுங்கலின் ரகசியம் இதுதான்.

உடலின் பி1 இருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான். வரத்து நின்றால் இரண்டு, மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். தினமும் குடிப்பவர்களும், வாரக்கணக்கில் வாந்தியெடுக்கும் கர்ப்பிணிகளும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பமான பேச்சு... இவற்றை ‘போதை இன்னும் தெளியலை’ என்று விட்டுவிடக் கூடாது. மூளை பாதிக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்வது முக்கியம். பி1 இல்லாத உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-ம் செலவாகிவிடும் என்பதால், மருத்துவர்கள் முதலில் பி1 ஊசி போடுவார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. பி1 தண்ணீரில் கரையும் என்பதால், அரிசியைப் பலமுறை கழுவ வேண்டாம். வடித்த கஞ்சியைக் கொட்டவும் வேண்டாம். வாரத்தில் சில நாள்கள் களி, பருப்பு, வேர்க்கடலை தட்டில் இருக்கட்டும்.