சிசுவின் நீர்க்கணக்கு



குருநகர்க் கரையில் வாழ்பவர்களுக்குத் தராசு புதிய பொருளன்று. வள்ளங்கள் கரை சேர்ந்ததும் மீன் ஏலம் கூறப்படுவதும், நிறுக்கப்படுவதும், கொப்பியிற் கணக்கு எழுதப்படுவதும் நாம் நாள்தோறும் காண்பவையே. ஆயினும், வைத்தியசாலையில் தாதி ஒருவர் பச்சைக் குழந்தையின் ஈரத் துணியைத் தராசில் இட்டு நிறுப்பதைக் கண்டால் நம்மவர்கள் வியப்படைகின்றனர். சிலர் நகைக்கவும் செய்கின்றனர்.

என்னிடம் முன்னாளிற் படித்த பெண்ணொருத்தி எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பெற்றாள். பிள்ளையின் நிறை ஒன்றரைக் கிலோ. வைத்தியசாலையின் விசேட பராமரிப்புப் பிரிவில் அதனை வைத்திருந்தார்கள். தாதிமார் இரவு பகலாக ஓடித் திரிவதைப் பார்த்து மனமிரங்கிய அவள், ஒரு நாட் காலை நனைந்த துணிகள் இரண்டைத் தானே எடுத்து அலசிக் காயப்போட்டுவிட்டாள். உதவி என்றே எண்ணினாள். நண்பகலில் வைத்தியர் வந்து அட்டவணையைப் பார்த்தபோது, ஆறு மணித்தியாலமாகக் குழந்தை சலம் கழிக்கவில்லை என்றே அது காட்டியது. சிறுநீரகம் தொழிற்படவில்லையோ என்ற ஐயம் எழுந்தது. சேலைனைக் குறைப்பதா, இரத்தம் எடுத்துச் சோதிப்பதா என்று பேச்சு நடந்தது. அப்பொழுது மூத்த தாதி ஒருவர், "பிள்ளை, நீர் துணி ஏதும் மாற்றினீரோ?" என்று கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். "இரு துணிகள், நிறுக்கப்படவில்லை" என்று தாதி அட்டவணையில் எழுதினார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"சேர், ஓர் ஈரத் துணியில் அவ்வளவு கணக்கு இருக்கிறதா?" என்று அவள் பின்னர் என்னைக் கேட்டாள். நான் வைத்தியம் பயின்றவனல்லேன், கலைப் பட்டதாரி. அறிந்தோரைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டதையே இங்கு கூறுகின்றேன். 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அத்தகைய மண்ணில், குழந்தையின் கட்டிலருகே தமிழில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அப்பெண் அந்தத் துணிகளை அலசியிருக்கமாட்டாள் என்பது என் துணிபு.

வளர்ந்தோர் உடலில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு நீர். நிறைமாதத்தில் பிறந்த சிசுவில் அது 75 பங்கு. குறைமாதச் சிசுவில் 80 பங்கும் அதற்கு மேலும் உண்டு. அந்நீரை அடக்கி ஆளவேண்டிய சிறுநீரகமோ முதிர்ச்சி பெறாதது. நீர் குறைந்த வேளையில் வளர்ந்தவரின் சிறுநீரகம் சலத்தை நன்கு செறிவாக்கி நீரைச் சேமிக்கும். சிசுவின் சிறுநீரகத்துக்கு அவ்வாற்றலிற் பாதியளவே உண்டு. மிகுந்த நீரை விரைந்து வெளியேற்றவும் அதனால் இயலாது. ஒன்றரைக் கிலோ சிசுவுக்கு ஒரு தேக்கரண்டி நீர், 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு ஒரு குவளை நீருக்குச் சமம். கப்பலுக்குள் ஒரு வாளி நீர் புகுந்தால் மாலுமி அறியவும் மாட்டான். சிறு வள்ளத்தில் அதே வாளி நீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதை நம் கரையாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இனி வரவைப் பார்ப்போம். பால் குடிக்க இயலாத சிசுவுக்கு நாளத்தின் வழியே நீர் செலுத்துகின்றார்கள். முதல் நாளிற் பொதுவாகக் கிலோ ஒன்றுக்கு 60 முதல் 80 மில்லி லீற்றர். பின்னர் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு வார அளவில் 150 வரை கொண்டுவருவார்கள். கிலோவுக்கு 80 என்று வைத்தால், நம் ஒன்றரைக் கிலோக் குழந்தைக்கு முழு நாளுக்கும் 120 மில்லி லீற்றர். ஒரு தேநீர்க் கோப்பையும் நிரம்பாது! மணித்தியாலத்துக்கு 5 மில்லி லீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி. இதனை அளந்து விடுவதற்கென்று, 60 துளி சேர்ந்து ஒரு மில்லி லீற்றர் ஆகும் நுண்துளிக் குழாய் உண்டு. அதில் நிமிடத்துக்கு எத்தனை துளி விழுகின்றதோ, மணித்தியாலத்துக்கு அத்தனை மில்லி லீற்றர் உட்செல்லும். நான் கணிதம் கற்பித்தவனல்லேனாயினும் இந்த ஒழுங்கு எனக்குப் பெரிதும் பிடித்தது. மருந்து கரைத்த நீரும், குழாயைக் கழுவச் செலுத்தும் நீரும்கூட வரவில் எழுதப்படும்.

செலவோ பல வழியில் நிகழ்வது. சலத்தை அறியவே துணியை நிறுக்கின்றார்கள். உலர்ந்த துணி 22 கிராம், நனைந்த பின் 34 கிராம் என்றால், சலம் 12 கிராம். அது 12 மில்லி லீற்றராம். முதல் நாள் கழிந்த பின் கிலோ ஒன்றுக்கு மணிக்கு ஒரு மில்லி லீற்றராவது கழியவேண்டும். சோதனைக்கு எடுக்கும் இரத்தமும் செலவே. ஒன்றரைக் கிலோச் சிசுவின் உடலில் உள்ள இரத்தம் முழுவதும் ஏறக்குறைய 130 மில்லி லீற்றர்தான்.

கண்ணுக்குத் தெரியாத செலவும் ஒன்று உண்டு. இத்தாலிய வைத்தியர் சந்தோரியோ, உண்டதையும் கழித்ததையும் தம் உடலையும் ஆண்டுக்கணக்கில் தராசிலிட்டு நிறுத்து, கணக்கில் வராமல் ஒரு பெரும் பகுதி மறைவதைக் கண்டார். 1614-இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். தோலினாலும் மூச்சினாலும் நீர் ஆவியாகி அகல்கின்றது. குறைமாதச் சிசுவின் தோல் மிக மெல்லியது. திறந்த வெப்பமூட்டியின் கீழும், மஞ்சள் நோய்க்கு வைக்கும் நீல ஒளியின் கீழும் இவ்விழப்பு இன்னும் பெருகும். இதனை எத்துணியும் ஏந்தாது. ஆதலின் நாள்தோறும், ஒரே தராசில், ஆடை களைந்து குழந்தையையே நிறுக்கின்றார்கள்.

இங்கேதான் நம் பாட்டிமார் கலங்குகின்றனர். முதல் நாட்களில் நிறை குறைவது இயற்கை. நிறைமாதக் குழந்தை நூற்றுக்கு 10 பங்கு வரையும், குறைமாதக் குழந்தை 15 பங்கு வரையும் குறையலாம். அதற்கு மேற்பட்டாலே அச்சம். மாறாக, நோயுற்ற சிசுவின் நிறை இரண்டாம் நாளிலேயே கூடினால், அது சதை வளர்ச்சியன்று. உடலில் நீர் தேங்கியதன் அடையாளம். பிறந்தவுடன் அழாது மூச்சுத் திணறிய பிள்ளைகளுக்கு இவ்வாறு நேர்வதுண்டு. அவர்களுக்கு நீரைக் கட்டுப்படுத்துவர். இரத்தத்தில் உள்ள சோடியம் என்னும் உப்பின் அளவும் இக்கணக்கைச் சரிபார்க்கும். முதல் நாட்களில் அது ஏறினால் பெரும்பாலும் நீர் குறைந்திருக்கும். இறங்கினால் நீர் மிகுந்திருக்கும்.

இரு பக்கமும் தவறி நடந்தே வைத்தியர்கள் இந்த நடுவழியைக் கண்டார்கள். 1940-களிலும் 1950-களிலும் மேனாடுகளிற் குறைமாதச் சிசுக்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் பாலும் நீரும் கொடாதிருப்பது வழக்கமாயிருந்தது. பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்ற அச்சமே காரணம். நீர்வற்றியும், இரத்தத்திற் சர்க்கரை குன்றியும், மஞ்சள் முற்றியும் பிள்ளைகள் துன்புற்றதைக் கண்டு 1960-களில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. பின்னர் தாராளமாக நீர் கொடுக்கத் தலைப்பட்டனர். 1980-இல் எட்வர்ட் பெல் என்பவரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் ஆராய்ந்து, மிகுதியாக நீர் பெற்ற குறைமாதச் சிசுக்களிடையே, பிறந்தபின் மூடவேண்டிய இருதயக் குழாய் மூடாது தொல்லை தருவது அதிகம் என்று காட்டினார்கள்.

ஆகவே, பிள்ளையைப் பார்க்கச் செல்வோர் துணியை அகற்றுமுன் தாதியிடம் காட்டுதல் வேண்டும். பிள்ளை கக்கினாலும், வயிற்றாற் போனாலும் சொல்லுதல் வேண்டும். நா வரள்கிறதே என்று இரங்கிச் சீனித் தண்ணீரோ, கொத்தமல்லித் தண்ணீரோ ஒரு சொட்டும் தீற்றலாகாது. நலமுள்ள பிள்ளைக்கும் முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும். சித்திரை வெயிலிலும் வேறு நீர் வேண்டியதில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் நீரேயன்றோ!

நான் கூறிய அப்பிள்ளை பன்னிரண்டாம் நாளிற் பிறந்த நிறையை மீண்டும் எட்டியது. வீட்டுக்கு வந்த பின்பும் தாய் துணி எண்ணுவதை விடவில்லை. இப்பொழுது நிறுப்பதில்லை, எண்ணுகின்றாள், அவ்வளவே. தாய்ப்பால் நன்கு குடிக்கும் பிள்ளை ஐந்தாம் நாளின் பின் நாளொன்றுக்கு ஆறு துணியாவது நனைக்கும். அது குறைந்து, பிள்ளை பால் குடியாது சோர்ந்து கிடந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, இரவாயினும் விடியும்வரை காத்திராது கொண்டுபோகவேண்டும். நம் கரையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை தொலைவிலில்லை.