வயிற்றுத் தழும்பும் தோலின் இழையோட்டமும்

திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிடும் ஊர்கள். அங்கே பதமாவது விலங்கின் உள்தோல். கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். நம் தோலும் அவ்வாறே. 1861-இல் வியன்னாவின் உடற்கூற்று அறிஞர் கார்ல் லாங்கர், பிணங்களின் தோலில் உருண்டைமுனைக் கம்பியால் குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக நிற்கவில்லை, நீண்டு பிளந்தன! தோலின் இழுவிசை எல்லாத் திசையிலும் ஒன்றல்ல என்பது புலனாயிற்று. வயிற்றில் அந்தக் கோடுகள் பெரும்பாலும் குறுக்காக ஓடுகின்றன. ஆகவே குறுக்கே கீறினால் தழும்பு மெலியும். நெடுக்கே கீறினால் அகலும்.

பிரசவத்துக்குப் பின் தொய்ந்த வயிற்றைச் சீரமைக்கும் அறுவையும் இதையே பின்பற்றுகிறது. முழு அறுவையில் இடுப்பின் ஒருபுறமிருந்து மறுபுறம்வரை கீறி, உபரித் தோலை நீக்கி, தொப்புளுக்குப் புதுத் துளை அமைப்பார்கள். சிற்றறுவையில் அடிவயிற்றில் குறுகிய கீறல் மட்டுமே. தொப்புளுக்கு மேலுள்ள தொய்வு அதனால் தீராது. தழும்பே வராது என்று எவரேனும் விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். உள்ளடுக்கைத் தனியே தைத்து, இழுவையை அது தாங்கச் செய்தால் மேல்தோல் அமைதியாக ஆறும், அவ்வளவே.

ஆறிய தோல் பழைய வலிமையில் சுமார் 80 சதவீதமே பெறும். தழும்பு முதிர ஓராண்டுவரை ஆகலாம். புகைப்பவருக்கு ரத்த ஓட்டம் குறைந்து தையல் விளிம்பு கருகவும் கூடும். காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் கெலாய்டு உங்கள் குடும்பத்தில் எவருக்காவது உண்டா? கத்தி படுமுன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.