கலக்கும் முன் கனிய வேண்டும்

தென்னஞ்சோலைகள் சூழ்ந்த கார் நிக்கோபாரில் வாழும் நமக்குத் திராட்சை மதுவின் கலவையைப் பற்றி ஆராய வேண்டிய தேவை என்ன என்று அன்பர்கள் வினவலாம். மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஊர்விட்டு ஊர் வந்த இரு கொடிகள் ஒரு குடுவையில் ஒன்றுபட்ட வரலாறு, கடல் கடந்து வந்த நம் குடும்பங்களுக்கும் ஒரு செய்தியை உடையது. அதனாலேயே இதனை எழுதுகிறோம்.

திராட்சை மது தமிழகம் அறியாத பொருளன்று. யவனர் கொணர்ந்த மதுவை அருந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய பாட்டு புறநானூற்றில் உள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்விலும், மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன.

அன்று கலமேறி வந்தது மது. நம் காலத்தில் கொடியே வந்தது. பெங்களூருக்கு வடக்கே நந்திமலையின் அடிவாரத்தில், கன்வல் குரோவர் என்பவர் பிரெஞ்சுத் திராட்சை இனங்களைப் பயிரிட்டார். 1990களின் நடுப்பகுதியில், போர்தோ நாட்டுப்புறத்தைச் சேர்ந்த மிஷேல் ரோலான் என்னும் மது வல்லுநர் அவருக்கு ஆலோசகரானார். அங்கே உருவான 'லா ரிசர்வ்' என்னும் செம்மது, காபர்னே சோவினியோன், ஷிராஸ் ஆகிய இரண்டின் கலவை. முன்னதன் புகழ்பெற்ற தாயகம் போர்தோ. பின்னதன் தாயகம் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆஸ்திரேலியர் முன்னரே சேர்த்துக் காட்டிய இவ்விரண்டும் கன்னட மண்ணிலும் கைகோத்தன.

கலக்கும் வழக்கம் போர்தோவில் பிறந்தது வெறும் சுவை வேட்கையால் மட்டுமன்று. அங்கே மெர்லோ முன்னதாகத் துளிர்த்து முன்னதாகவே பழுக்கும். காபர்னே பிந்திப் பழுக்கும். இளவேனில் உறைபனி முன்னதைக் கெடுக்கலாம். அறுவடைக்கால மழை பின்னதைக் கெடுக்கலாம். ஒன்று பொய்த்த ஆண்டில் மற்றொன்று கைகொடுக்கும். மேலும், காபர்னேயின் துவர்ப்பு மதுவுக்கு உறுதி தரும். மெர்லோ மென்மை தரும்.

கலக்கும் முறையே நாம் கருதத் தக்கது. ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே பறித்து, தனித்தனியே நொதிக்கவிட்டு, தனித்தனித் தொட்டிகளில் முதிரச் செய்வர். பின்னர் அளவுக் குழாயில் 70க்கு 30, 80க்கு 20 எனச் சிறிதளவே கலந்து சுவைத்துப் பார்ப்பர். நூற்றுக்கு ஐந்து பங்கு மாறினும் சுவை மாறும். மனம் நிறைந்த பின்னரே பெருந்தொட்டியில் கலப்பர். கெட்ட மதுவை நல்லதனோடு சேர்த்து மறைக்க முயன்றால், நல்லதும் கெடும்.

நம் தீவில் இறக்கும் தென்னங்கள்ளுக்கு இவ்வளவு காத்திருப்பு இயலாது. ஓரிரு நாளில் அது புளித்துக் காடியாகிவிடும். ஆயினும் கலவையின் நுட்பம் நம் இல்லங்கள் அறியாததன்று. பீபரி இத்தனை, பிளாண்டேஷன் இத்தனை, சிக்கரி இத்தனை என்று அளந்து காப்பித்தூள் வாங்கும் நம் தாய்மார்கள், அவ்வளவு பிசகினால் முதல் மிடறிலேயே கண்டுபிடித்துவிடுவர்.

இனி, நம் மக்களை நோக்குவோம். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், விளையாட்டில் நிக்கோபாரியும், வீட்டில் தமிழும் அவர்கள் செவியில் விழுகின்றன. இக்கலப்பு ஒரு செல்வமே; அதனை நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் நலம் கேட்கையில், பேரன் விடை தெரியாமல் அன்னையின் முகத்தைப் பார்த்து நிற்கும் காட்சியையும் நம் வீடுகளில் காண்கிறோம். அங்கே தமிழ் கலந்திருக்கவில்லை, கனியாமலே கரைந்துபோயிற்று.

பிற மொழிகளைப் பள்ளி கனிவித்துக்கொள்ளும். தமிழைக் கனிவிக்கும் தொட்டி இத்தீவில் நம் வீடு ஒன்றே. நாள்தோறும் அரைமணி நேரம் பிள்ளைகளை அருகிருத்தித் தமிழ் எழுதவும் படிக்கவும் செய்வோமாக. பிறகு அவர்கள் எம்மொழியோடு கலந்தாலும், அக்கலவையில் தமிழின் சுவை தனித்து நிற்கும்.