விளையாத நிலத்தின் விளைச்சல்

வேளாண் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் எங்களைப் போன்றோருக்கு நிலம் என்பது பரப்பளவு, பாசன வசதி, பயிர், மகசூல் என்னும் நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். மகசூல் கட்டத்தில் எழுத ஏதும் இல்லையெனில் நிலத்தின் மதிப்பும் சரிந்துவிடும். இந்தக் கணக்கு முழுமையானதுதானா என்று என்னை எண்ண வைத்தது, கர்நாடக மாநிலம் குடகு மாவட்டத்து நிலம் ஒன்றின் வரலாறு.

அமெரிக்காவில் வாழ்ந்து தாயகம் திரும்பிய அனில் மல்ஹோத்ராவும் அவருடைய துணைவியார் பமேலாவும் 1991-ஆம் ஆண்டு பிரம்மகிரி மலைச்சாரலில் 55 ஏக்கர் நிலம் வாங்கினர். காப்பியோ வேறு பயிரோ சரிவர விளையவில்லை என்பதாலேயே முந்தைய உரிமையாளர் அதை விற்க முன்வந்தார். இவர்களோ காடு மீண்டும் வளரக்கூடிய இடத்தைத் தேடி வந்தவர்கள். அக்கம்பக்கத்தில் உழவர்கள் கைவிட்ட நிலங்களையும் பின்னர் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்தனர். இன்று அது ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்புள்ள ‘சாய் சரணாலயம்’.

காடு மீண்ட விதம் எளிமையானது. தேவையான இடங்களில் அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டனர். எஞ்சியதை இயற்கையின் பொறுப்பில் விட்டு, மரம் வெட்டுவோரும் வேட்டையாடுவோரும் நுழையாமல் காத்தனர். அத்தி, நாவல் போன்ற கனிமரங்கள் நின்றால் பறவைகள் தேடி வரும். அவற்றின் எச்சத்தில் வந்து விழும் விதைகள் அடுத்த தலைமுறை மரங்களாகும். உதிரும் தழை மட்கி, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும். விரைவில் வளர்ந்து பணம் தரும் சில்வர் ஓக் போன்ற அயல் மரங்களால் காட்டுயிர்களுக்கு இவ்வளவு உணவு கிடைப்பதில்லை. இன்று அங்கே யானையும் புலியும் சிறுத்தையும் நடமாடுகின்றன. 300-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் காணப்படுகின்றன.

இதில் வருவாய் எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். விருந்தினர் குடில்கள் மூலம் ஓரளவு வருமானம் உண்டு. ஆயினும் பெரிய வருவாய் எந்தப் பாஸ்புக்கிலும் பதிவாகாதது, அது தண்ணீர். காவிரி பிறப்பது குடகு மலையில்தான். அங்கே காடு பிடித்துவைக்கும் மழைதான் கோடையில் ஓடைகளாகக் கசிந்து ஆற்றைச் சேர்கிறது. அதன் பயனை அடையும் உழவர் தஞ்சைக் கடைமடையிலும் இருக்கிறார்.

55 ஏக்கர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் உழவு கைவிட்டுப்போன ஓர் ஏக்கரோ, வரப்போரத்துத் துண்டு நிலமோ நம்மில் பலரிடம் உண்டு. அதை விற்றுவிடத் துணியும் முன், நாட்டு மரங்களுக்கு விட்டுக்கொடுக்க இயலுமா என எண்ணிப் பார்க்கலாம். இந்நோக்கத்துடன் புதிதாக நிலம் வாங்குவோர், வில்லங்கச் சான்றையும், வாரிசுதாரர் அனைவரின் ஒப்புதலையும், நிலத்தின் மீது கடன் நிலுவை உள்ளதா என்பதையும் தவறாமல் சரிபார்க்க வேண்டும். மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் உரிமைச் சிக்கல் எழுந்தால், வளர்ந்த காடும் கோடரிக்கு இரையாகக்கூடும்.

பமேலாவுக்கு 2017-ஆம் ஆண்டில் நாரி சக்தி விருதை இந்திய அரசு வழங்கிச் சிறப்பித்தது. அனில் மல்ஹோத்ரா 2021-இல் மறைந்தார். அவர் காத்த மரங்கள் நிற்கின்றன. வைப்புத் தொகைக்கு முதிர்வுத் தேதி குறித்துக் கொடுப்பது எங்கள் அன்றாடப் பணி. இட்டவரின் ஆயுளையும் கடந்து முதிரும் வைப்பு ஒன்று உண்டென்பதை நான் குடகிலிருந்து கற்றுக்கொண்டேன்.