உஷார்! சான்றிதழோடு வரும் போலி பேட்ஜ்

ஜெர்மனியில் வேலை, படிப்பு என்று இருப்பவர்களும், பழம்பொருள் சேகரிக்கும் ஆசை உள்ளவர்களும் கொஞ்சம் நின்று கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் தன் வீரர்களுக்குக் கொடுத்த போர் பேட்ஜ் என்று சொல்லி, அங்கே வார இறுதிச் சந்தைகளிலும் ஆன்லைனிலும் கண்டதையெல்லாம் தலையில் கட்டுகிறார்கள். ஏமாறுபவர்கள் விவரம் தெரியாதவர்கள் மட்டுமல்ல. பல வருடம் சேகரித்தவர்களே கோட்டை விடுகிறார்கள்.

சந்தையில் அதிகம் புழங்குவது காலாட்படைத் தாக்குதல் பேட்ஜ். 1939 டிசம்பர் 20-ல் ஏற்படுத்தப்பட்டது. முன்வரிசையில் நின்று, மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று தாக்குதலில் கலந்துகொண்டவருக்குக் கிடைக்கும். நீள்வட்டமாக ஓக் இலை வளையம், மேலே கழுகும் ஸ்வஸ்திகாவும், குறுக்கே ஒரு துப்பாக்கி. வெள்ளி நிறத்தில் இருந்தால் சாதாரண காலாட்படை, வெண்கல நிறமென்றால் வாகனத்தில் செல்லும் காலாட்படை. ஒரு தொழிற்சாலை அல்ல, பல தொழிற்சாலைகள் இதைச் செய்தன. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி ஊசி, தனிக் கொக்கி. இந்த வேறுபாடுதான் மோசடிக்காரர்களுக்கு வசதி. "இது இன்னொரு கம்பெனி மாடல் சார்" என்றால் கேட்பவர் வாயடைத்துப் போகிறார்.

பொருளைக் கையில் எடுத்தால் முன்பக்கத்தை மட்டும் ரசிக்காதீர்கள். இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரிஜினல்களைப் பெரும்பாலும் எஃகு அச்சில் வைத்து அழுத்தி அடித்தார்கள். அதனால் இலை நரம்பு, கழுகின் இறகு, துப்பாக்கி வார் எல்லாம் கூர்மையாக இருக்கும். போலியை எடுப்பவன் ஒரு ஒரிஜினலின் மேல் ரப்பர் வார்ப்பு எடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றுகிறான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இட்லியின் மேற்பரப்பு போலப் பொடிப்பொடித் துளைகள் தெரியும். விளிம்பில் வார்ப்பு ஒட்டிய கோட்டை அரத்தால் ராவிய தடம் இருக்கும். ஆறும்போது உலோகம் சுருங்குவதால், ஒரிஜினலைவிட ஒரு இம்மி சிறிதாகவும் இருக்கும். ஒரு வெர்னியர் அளவுகோல் சட்டைப்பையில் இருந்தால் பாதி மோசடி அங்கேயே வெளுத்துவிடும்.

உலோகமும் பேசும். போரின் தொடக்கத்தில் பித்தளை வகை உலோகத்தில் வெள்ளி முலாம் பூசினார்கள். போர் நீண்டு, தாமிரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் துத்தநாகத்துக்கு இறங்கினார்கள். துத்தநாகத்தில் முலாம் நிற்காது. எண்பது வருடத்தில் பெரும்பாலும் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். ஆகவே பளபளவென்று மின்னும் துத்தநாக பேட்ஜைப் பார்த்தால் மகிழ்ச்சி அல்ல, சந்தேகம் வர வேண்டும். பழசாகத் தெரிந்தாலும் நம்பிவிடாதீர்கள். அமிலத்தில் முக்குவது, ஈரமண்ணில் புதைப்பது எல்லாம் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கறை எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏறியிருந்தால், அது காலம் ஏற்றிய கறை அல்ல.

விலை கூடக் கூட வேலைப்பாடும் கூடும். கைகலப்புச் சண்டைக்கான பதக்கப்பட்டை ஒன்று உண்டு. 1942 நவம்பரில் வந்தது. 15 நாள் கைகலப்புக்கு வெண்கலம், 30 நாளுக்கு வெள்ளி, 50 நாளுக்குத் தங்கம். தங்கப் பட்டை பெற்றவர்கள் அறியப்பட்டவரை சுமார் 630 பேர்தான். அப்படியிருக்க, சந்தையில் ஒரு மேசையில் பழைய ஸ்பூன்களுக்கு நடுவே ஒன்று கிடைக்கிறதென்றால் யோசிக்க வேண்டாமா? ஒரிஜினலில் நடுச்சின்னத்தின் பின்புறம் கருமை ஏற்றிய மெல்லிய இரும்புத் தகடு பொருத்தியிருப்பார்கள். காந்தம் அதைப் பிடிக்கும். மட்டமான போலியில் அந்தத் தகடே தனியாக இருக்காது, வார்ப்போடு வார்ப்பாகப் போயிருக்கும். நல்ல போலியில் தகடும் இருக்கும், காந்தமும் ஒட்டும். ஆகவே ஒரு சோதனையில் தேறியதும் பணத்தை எடுக்காதீர்கள்.

இதையெல்லாம்விட ஆபத்தானது பேட்ஜோடு வரும் காகிதம். விருது ஆவணம், குடும்பத்தாரின் கடிதம், நிபுணரின் சான்றிதழ் என்று ஒரு கட்டு. அதைப் பார்த்ததும் நம் மனசு இளகிவிடுகிறது. இதற்கு ஜெர்மனியிலேயே பெரிய பாடம் இருக்கிறது. ஷ்டுட்கார்ட்டில் கொன்ராட் குயாவ் என்பவர் நாஜி காலப் பொருட்களை விற்றுவந்தார். சாதாரணப் பொருளோடு, தானே எழுதிய போலிச் சான்றையும் சேர்த்துக் கொடுத்து விலையை ஏற்றுவது அவர் வழக்கம். அதே கைதான் பிறகு ஹிட்லரின் போலி நாட்குறிப்புகளையும் எழுதியது. ஷ்டெர்ன் பத்திரிகை அதற்கு 90 லட்சம் மார்க்குக்கு மேல் கொட்டியது. கையெழுத்து நிபுணர்கள் உண்மை என்றார்கள். காரணம், ஒப்பிடுவதற்குக் கொடுத்த மாதிரிகளிலும் குயாவ் எழுதியவை கலந்திருந்தன! 1983 மே மாதம், காகிதத்தில் போருக்குப் பின்னர்தான் புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டும் ரசாயனம் இருப்பதை ஆய்வகம் கண்டுபிடித்தது. குட்டு உடைந்தது. அந்தச் சோதனையின் எளிய வடிவம் இன்று உங்கள் கைக்கே எட்டும். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கின் கீழ் ஆவணத்தை வையுங்கள். நீலநிறமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது போர்க்காலக் காகிதம் அல்ல. ஒளிராவிட்டால் உண்மை என்று அர்த்தமில்லை. பழைய நோட்டின் வெற்றுத் தாளில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

"எஸ்.எஸ். வீரருடையது" என்ற கதைக்கும் இதே கதிதான். காலாட்படை பேட்ஜ் ஆயுத எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) ஆட்களுக்கும் அதே வடிவத்தில்தான் போனது. பொருளில் எந்த வித்தியாசமும் இல்லை. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுக்க அந்தக் கதைக்குத்தான்.

இன்னொரு வகைக் குழப்பம்: 1957-ல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டு, முன்னாள் வீரர்கள் ஸ்வஸ்திகாவை நீக்கிய பதக்கங்களை அணியலாம் என்றது. இவை போலி அல்ல. ஆனால் போர்க்காலத்தவையும் அல்ல. இவற்றைப் "போர்க்கால அபூர்வ ரகம்" என்று சொல்லி விற்பவன் அப்பட்டமாகப் பொய் சொல்கிறான்.

பணம் போவது ஒரு பக்கம், போலீஸ் வருவது மறுபக்கம். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவுப்படி நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதும் பரப்புவதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம். ஆய்வு, வரலாறு, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் விற்பவர்கள் ஸ்வஸ்திகாவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைக்கிறார்கள், ஏலக்கடைகள் வாங்குபவரிடம் உறுதிமொழி வாங்குகின்றன. ஸ்டிக்கரை உரித்து, சட்டையில் குத்தி, செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் விலக்கு எதுவும் காப்பாற்றாது. "எங்கள் ஊரில் இது மங்கலச் சின்னம்" என்ற வாதமும், கழுகின் காலடியில் இருக்கும் ஸ்வஸ்திகாவுக்கு எடுபடாது. ஆஸ்திரியாவில் சட்டம் இன்னும் கடுமை. ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரி 8 முதல் நாஜிச் சின்னம் உள்ள பொருட்களை வைத்து வியாபாரம் செய்வதே மத்திய சட்டப்படி குற்றம். அங்கே இருக்கும் மச்சானுக்குப் பரிசாக வாங்கி அனுப்பும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பணத்தை முன்கூட்டி அனுப்பச் சொல்லும் வாட்ஸ்அப் விற்பனையாளரிடம் ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். போலி என்று தெரிந்தால் பணம் திருப்பித் தருவேன் என்று ரசீதில் எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், பேட்ஜை அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.