கிட்டார் பெடலில் பஃபர்: ஒலியின் கூர்மையைக் காக்கும் சிறு சுற்று

எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. தந்தி அதிரும்போது அதில் சிறு மின்னழுத்தம் எழுகிறது. அந்தச் சுருளின் மின்தூண்டல் அதிகம் என்பதால் உயர் அதிர்வெண்களில் அதன் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, ஏறிவிடும். அதோடு இணையும் எதுவும் சிக்னலை எளிதில் தளரச் செய்துவிடும்.

முதலில் தளரச் செய்வது கேபிள். நடுக்கம்பியும் அதைச் சூழ்ந்த உலோகப் பின்னலும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகின்றன. பொதுவான கிட்டார் கேபிளில் இதன் கொள்ளளவு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். மின்தூண்டல் 2.5 ஹென்றி உள்ள பிக்கப்புடன் 6 மீட்டர் கேபிளைச் சேர்த்தால் ஒத்ததிர்வு சுமார் 4,100 ஹெர்ட்ஸில் அமையும். கேபிள் 12 மீட்டரானால் அது 2,900 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதற்கு மேலுள்ள ஒலிகள் வேகமாக மங்குவதால் இசை மந்தமாகக் கேட்கிறது.

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே ஒலியை மாற்ற வைக்கும் பெடல்களில் 'ட்ரூ பைபாஸ்' வகையை அணைத்தால் சிக்னல் வெறும் கம்பி வழியே கடந்துபோகும். அப்போது கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை உள்ள எல்லாக் கேபிள்களின் சுமையும் பிக்கப்பின் மேலேயே விழுகிறது.

இந்தச் சுமையைத் தாங்குவதே பஃபரின் வேலை. அது மின்னழுத்தத்தைக் கூட்டுவதில்லை. உள்ளீட்டில் சுமார் 1 மெகா ஓம் இம்பீடன்ஸைக் காட்டுவதால் பிக்கப்பிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கிறது. வெளியீட்டு இம்பீடன்ஸ் 1 கிலோ ஓம் அல்லது அதற்கும் குறைவு. அந்த 1 கிலோ ஓமுடன் 12 மீட்டர் கேபிள் சேர்ந்தாலும், ஒலி குறையத் தொடங்கும் எல்லை சுமார் 130 கிலோஹெர்ட்ஸ். மனிதச் செவி கேட்பதோ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான்.

ஒரே ஒரு ஜேஃபெட் டிரான்சிஸ்டரிலோ, வெளியீட்டை எதிர்மறை உள்ளீட்டோடு நேரே இணைத்த ஆப்-ஆம்பிலோ பஃபரை அமைத்துவிடலாம். பாஸ் நிறுவனத்தின் காம்பேக்ட் பெடல்கள் பலவற்றில், எஃபெக்ட் அணைந்திருந்தாலும் பஃபர் இயங்கிக்கொண்டே இருக்கும். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடலில் உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் தலா ஒரு பஃபர் உண்டு.

பெடல் சுற்றுக்கு உள்ளேயும் இதற்கு வேலை உண்டு. பிக் மஃப் போன்ற பெடலில் சிக்னல் 100 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலிலிருந்து நேரே வெளியேறுகிறது. அதன் மின்தடை சரிபாதியாகப் பிரியும் நிலையில் வெளியீட்டு இம்பீடன்ஸ் சுமார் 25 கிலோ ஓம் ஆகிவிடும். அங்கே ஒரு பஃபரைச் சேர்த்தால் அடுத்து வரும் கேபிளோ பெடலோ ஒலியைக் குறைக்காது. டோன் கண்ட்ரோலுக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே வைத்தால் ஒன்று மற்றொன்றின் அளவுகளை மாற்றாது.

எல்லா இடத்திலும் பஃபர் பொருந்துவதில்லை. 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற ஃபஸ் பெடலின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் மிகக் குறைவு. பிக்கப்போடு நேரடியாக இணைந்து இயங்குவதிலேயே அதன் குணம் இருக்கிறது. முன்னால் பஃபர் வந்தால் ஒலி கரடுமுரடாகும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்து ஒலியைத் தெளிவாக்கும் வசதியும் பெரிதும் போய்விடும். பஃபர்கள் பெருகினால் இரைச்சலும் சிறிது சிறிதாகக் கூடும். கேபிளில் ஏற்கெனவே இழந்த கூர்மையையும் பின்னால் வரும் பஃபரால் மீட்க முடியாது.

ஆகவே ஃபஸ் பெடல் முதலில், அதையடுத்து ஒரு நல்ல பஃபர், பிறகு மற்ற பெடல்கள் என்ற வரிசையே பாதுகாப்பானது. ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் கேபிள் நீளமாக இருந்து, வரிசையின் கடைசிப் பெடலில் பஃபர் இல்லையென்றால் முடிவிலும் ஒன்றைச் சேர்க்கலாம். பெரும்பாலான பெடல் போர்டுகளுக்கு இந்த இரண்டே போதும்.