வழக்கம் சான்று ஆகுமா? பிரசவ அறையும் செவிலியர் ஆய்வும்

பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்குச் செய்யப்படும் பலவற்றுக்கும் காரணம் கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: ‘இங்கே இதுதான் வழக்கம்.’ முடி மழிப்பது, எனிமா கொடுப்பது, மல்லாக்கப் படுக்கவைப்பது, துணைக்கு வந்த தாயை வெளியே நிறுத்துவது, முதல் பிரசவம் என்றாலே ‘கட்’ போட்டுத் தையல் இடுவது ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. வழக்கம் என்னும் சொல்லைச் சாதி எதிர்ப்பு இயக்கத்தினருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோயில் நுழைவைத் தடுத்தவர்களும், பொதுக்கிணற்றில் தண்ணீர் மறுத்தவர்களும், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்தவர்களும் தமக்கு ஆதாரமாகக் காட்டியது அதைத்தான்.

மருத்துவமனைக்குள் அந்தச் சொல்லைக் கேள்விக்கு உட்படுத்தும் அறிவுத்துறை ஒன்று உண்டு. செவிலியர் ஆய்வும், அதன் முடிவுகளை நோயாளியின் படுக்கை வரை கொண்டுசேர்க்கும் சான்று சார்ந்த பராமரிப்புமே அது. செவிலியர் கல்லூரிகளில் ஒரு பாடமாக மட்டும் கற்பிக்கப்படும் இத்துறை, அரசு மருத்துவமனையைத் தவிர வேறு புகலிடம் இல்லாத மக்களின் உரிமையோடு நேரடியாகத் தொடர்புடையது. அந்தத் தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்று என்றால் என்ன?

1854இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் ‘விளக்கேந்திய சீமாட்டி’யாகவே பள்ளியில் படித்தோம். அவர் இறப்புகளைக் காரணவாரியாகக் கணக்கிட்டவர் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. போர்க்காயத்தைவிட, தடுத்திருக்கக்கூடிய தொற்று நோய்களாலேயே சிப்பாய்கள் மிகுதியாக மடிந்தனர் என்பதை அவர் புள்ளிவிவர வரைபடங்களால் நிறுவினார். பணிவிடை செய்தவர் கணக்கும் எடுத்தார். அந்தக் கணக்கு அதிகாரத்தில் இருந்தவர்களைப் பதில்சொல்ல வைத்தது. செவிலியர் ஆய்வின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

1972இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன், மருத்துவத்தில் செய்யப்படுபவை உண்மையிலேயே பயன் தருகின்றனவா என்பதை முறையான சோதனைகளால் அறிய வேண்டும் என்று எழுதினார். 1979இல் அவர், மருத்துவத் துறைகளிலேயே சான்றை மிகக் குறைவாக மதிக்கும் துறை மகப்பேறு மருத்துவம்தான் என்று சாடினார். 1996இல் டேவிட் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் சான்று சார்ந்த மருத்துவம் என்பதற்கு ஒரு வரையறை தந்தனர். அதன் சாரத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: கிடைப்பவற்றுள் சிறந்த ஆய்வுச் சான்று, சிகிச்சை அளிப்பவரின் பட்டறிவு, நோயாளியின் விருப்பமும் மதிப்பீடுகளும்.

இம்மூன்றில் கடைசியாக உள்ளதை மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். நோயாளியைக் கேட்காமல் செய்வது, எவ்வளவு நல்ல ஆய்வின் பெயரால் செய்யப்பட்டாலும், சான்று சார்ந்த பராமரிப்பு ஆகாது.

கேள்வி கேட்ட செவிலியர்கள்

பிரசவத்துக்கு முன் முடியை மழித்தால் தொற்று குறையும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1922இலேயே 389 பெண்களிடம் நடத்தப்பட்ட ஒரு சோதனை அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. ஆயினும் வழக்கம் நிற்கவில்லை. 1980ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் மோனா ராம்னி என்ற பேறுகாலச் செவிலியர் இதே கேள்வியை மீண்டும் எழுப்பி, மழிப்பதால் பயன் இல்லை என்று நிறுவினார். அடுத்த ஆண்டு எனிமாவைப் பற்றியும் அவர் ஆய்வு செய்தார். அதற்கும் பெரும்பாலான பெண்களுக்குத் தேவை இருக்கவில்லை.

பிறப்புறுப்பின் வாயைக் கத்தரித்து விரிவாக்கும் எபிசியோடமியின் கதையும் இத்தகையதே. தானாகக் கிழிவதைவிட நேராக வெட்டுவது நல்லது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 1984இல் வெளியான மேற்கு பெர்க்ஷயர் ஆய்வில் ஜெனிஃபர் ஸ்லீப் என்ற பேறுகாலச் செவிலியரும் சக ஆய்வாளர்களும் 1,000 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவில் குழந்தையின் உயிர்நிலைக்காகத் தவிர வெட்டுவதைத் தவிர்க்க முயன்றனர். மற்றதில் தாராளமாக வெட்ட அனுமதித்தனர். முதற்பிரிவில் 10 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் 51 விழுக்காட்டினருக்கும் வெட்டு விழுந்தது. வெட்டுக் குறைந்த பிரிவில் தாய்க்கோ குழந்தைக்கோ கூடுதல் தீங்கு ஏற்படவில்லை. அதற்குப் பின் பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தேவைப்பட்டால் மட்டுமே வெட்டுவது கடுமையான கிழிசல்களைக் குறைக்கிறது என்பதும் தெளிவாயிற்று.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் பிரசவப் பராமரிப்பு குறித்து 56 பரிந்துரைகளை வெளியிட்டது. முதற்பரிந்துரையே மரியாதையான பராமரிப்பு. மழித்தல், எனிமா, வழக்கமாக வெட்டுதல், வயிற்றை மேலிருந்து அழுத்திக் குழந்தையை வெளியே தள்ளுதல் ஆகியவற்றை அது பரிந்துரைக்கவில்லை. பெண் தான் விரும்பும் துணையை உடன்வைத்துக்கொள்வதையும், தனக்கு வசதியான நிலையில் பெற்றெடுப்பதையும், சிக்கல் அபாயம் குறைந்தவர்கள் வலியின்போது உண்பதையும் பருகுவதையும் பரிந்துரைத்தது.

துணை இருப்பது வெறும் ஆறுதல் அன்று. 17 நாடுகளைச் சேர்ந்த 15,000க்கு மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்த துணை கிடைத்த பெண்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரம் சுருங்குகிறது என்று கண்டது. 

இன்னும் எளிய சான்று ஒன்று உண்டு. குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியை இறுக்கிக் கட்டாமல் குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்தால், நச்சுக்கொடியில் எஞ்சியுள்ள இரத்தம் குழந்தைக்கு வந்து சேரும். இரும்புச் சத்து கூடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டில் 57 விழுக்காட்டினரும் இரத்தசோகை உள்ளவர்கள். இந்தக் காத்திருப்புக்கு மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் மறுக்கப்படும்போது இழப்பு, பின்னாளில் சத்துணவுக்கும் மருந்துக்கும் வழியற்ற வீட்டின் குழந்தைக்கே பெரிதாகிறது.

சான்று ஏன் படுக்கையை எட்டுவதில்லை?

தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன என்று அதே குடும்பநல ஆய்வு கூறுகிறது. இது பெரும் சாதனை. தாய்மார்களின் உயிரைக் காத்த சாதனை. அதனாலேயே, மருத்துவமனைக்கு வந்தபின் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பது அடுத்த கேள்வியாகிறது. 2017இல் ஒன்றிய அரசு தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டம் பிரசவ அறைகளின் தரத்தையும் மரியாதையான பராமரிப்பையும் பேசுகிறது. ஆகவே கொள்கை இல்லை என்று சொல்வதற்கில்லை.

சான்று நடைமுறையாகாமல் தேங்குவதற்குச் செவிலியரின் அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது. அது பெரும்பாலும் அநீதியானதும் கூட. ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் பல பெண்களைக் கவனிக்கும் இடத்தில், ஒவ்வொருவரும் விரும்பிய நிலையில் பெற்றெடுக்கக் காத்திருப்பது எப்படி? வெட்டினால் கட்டில் விரைவில் காலியாகும் என்ற கணக்கு அங்கேதான் பிறக்கிறது. அடுத்தது அதிகார அடுக்கு. ஆய்வைப் படித்த இளம் செவிலியர், மூத்த மருத்துவரின் பழைய முறையைக் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். மூன்றாவது, பணிப் பாதுகாப்பின்மை. 2015இல் தமிழ்நாட்டில் தேர்வு எழுதி நியமிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்து, 2017 நவம்பரில் சென்னையில் பணிநிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம், ‘சான்று இல்லாத முறையை எதிர்த்து நில்லுங்கள்’ என்று அறிவுரை கூறுவதில் பொருளில்லை. செவிலியரின் பணியுரிமையும் நோயாளியின் உரிமையும் ஒன்றையொன்று சார்ந்தவை.

எண்ணப்படாதவர்கள்

சான்றும் எல்லாருக்கும் ஒரே அளவில் உண்மையாக இருந்துவிடுவதில்லை. விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரைக் கொரோனாக் காலத்தில் நாம் அனைவரும் அறிந்தோம். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கருவியின் அளவு பாதுகாப்பாகத் தெரிந்தபோதும் இரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் அபாயமாகக் குறைந்திருந்தது, கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடும், வெள்ளையரிடம் 3.6 விழுக்காடும் என்று கண்டது. இனவாரியான பதிவு இருந்ததால்தான் இந்த வேறுபாடு வெளியே வந்தது.

நம் பிரசவ அறைகளில் யாருக்கு வெட்டு விழுகிறது, யாருடைய துணை வெளியே நிறுத்தப்படுகிறது, யார் அதட்டப்படுகிறார், யாரைத் தொட்டுப் பரிசோதிக்கத் தயங்குகிறார்கள் என்பதைச் சாதிவாரியாகப் பார்க்கும் தரவு மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து கிடைப்பதில்லை. பதிவு இல்லாதபோது பாகுபாடும் இல்லை என்று வாதிடுவது நிர்வாகத்துக்கு எளிதாகிவிடுகிறது. அதற்காக நோயாளியின் படுக்கைச் சீட்டில் சாதியை எழுத வேண்டும் என்று நாம் கோரவில்லை. அது புதிய ஆபத்தாகும். பெண்ணின் ஒப்புதலோடு, மருத்துவமனையை விட்டுச் சென்றபின், பெயர் வெளியிடாமல் தொகுக்கப்படும் ஆய்வுகளே வேண்டும். செவிலியர் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதுகின்றனர். அவர்களில் சிலரேனும் இக்கேள்வியைக் கையில் எடுத்தால் பெரும் வெற்றிடம் நிரம்பத் தொடங்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

மருத்துவ அலட்சிய வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் 1957ஆம் ஆண்டின் போலம் என்ற ஆங்கிலேய வழக்கின் அளவுகோலையே பெரிதும் பின்பற்றுகின்றன. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பொறுப்புள்ள சக மருத்துவர்கள் ஏற்கும் முறைப்படி நடந்தவரைக் குற்றம் சொல்ல இயலாது என்பது அதன் சுருக்கம். அதாவது ‘வழக்கம்’ இங்கே சட்டப் பாதுகாப்பையும் பெற்றுவிடுகிறது. 1997இல் பொலித்தோ வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை இதற்கு ஒரு வரம்பு கட்டியது: அந்த முறை தர்க்கத்துக்கு நிற்க வேண்டும். ஆய்வுச் சான்று வழக்கறிஞர்களுக்குப் பயன்படும் இடம் இதுவே. பல பத்தாண்டு ஆய்வுகள் மறுத்த ஒன்றை, ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்பதற்காக மட்டும் நியாயப்படுத்த முடியுமா என்று நாம் கேட்க வேண்டும்.

2008இல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், போதிய தகவல் தந்து பெறப்படும் ஒப்புதலே ஒப்புதல் என்றது. சேர்க்கையின்போது வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து அந்தத் தீர்ப்பின் முன் நிற்காது.

தலித் இயக்கங்கள் நினைவில் கொள்ள வேண்டிய மற்றொரு சட்டம், 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 5ஆம் பிரிவு தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதை மட்டும் தண்டிக்கவில்லை; சேர்த்த பின்னர் பாகுபாடு காட்டும் செயலையும் குற்றமாக்குகிறது. வாசலில் நிறுத்துவது அரிதாகி, உள்ளே நடத்தும் விதத்தில் சாதி வெளிப்படும் காலத்துக்கு இப்பிரிவு பொருத்தமானது. ஆனால் ‘மற்றவர்களுக்குச் செய்தது எங்களுக்குச் செய்யப்படவில்லை’ என்று மெய்ப்பிக்க, மற்றவர்களுக்கு என்ன செய்யப்படுகிறது என்பதும், என்ன செய்யப்பட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வும் எழுதப்பட்ட நெறிமுறையும் அந்த அளவுகோலைத் தருகின்றன.

நாம் செய்யக்கூடியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் வட்டார அரசு மருத்துவமனைக்கு நான்கு கேள்விகள் அனுப்பலாம். பிரசவ அறைக்கான எழுதப்பட்ட நெறிமுறை என்ன. அதன் நகல் வேண்டும். கடந்த ஆண்டு நடந்த சுகப்பிரசவங்களில் எத்தனை பேருக்கு எபிசியோடமி செய்யப்பட்டது? பிரசவத் துணையை அனுமதிக்கும் ஆணை உள்ளதா, எத்தனை பெண்களுக்குத் துணை அனுமதிக்கப்பட்டது? பிரசவ அறைக்கு அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? நெறிமுறை இல்லை என்ற பதிலும் பதிவேடு இல்லை என்ற பதிலும் நமக்கு ஆவணங்களே.

செவிலிய மாணவர்கள் வார்டில் காணும் ஒவ்வொரு வழக்கத்தையும் ஒரு கேள்வியாக மாற்றிப் பழக வேண்டும்: யாருக்கு, எதைச் செய்கிறோம், செய்யாவிட்டால் என்ன, அதனால் அவருக்கு என்ன பயன்? விடையைத் தேடி, மதிப்பிட்டு, சிறு அளவில் நடைமுறைப்படுத்தி, விளைவை அளந்து பார்ப்பதே சான்று சார்ந்த பணியின் படிகள். தனியாகக் கேட்டால் அடங்காப்பிடாரி என்பார்கள். ஆகவே சங்கமாகக் கேளுங்கள். அந்தச் சங்கத்தின் பணிநிரந்தரக் கோரிக்கைக்குத் துணைநிற்பது சாதி எதிர்ப்பு இயக்கங்களின் கடமை.

கிராமங்களில் கூட்டம் நடத்தும் தோழர்கள், கர்ப்பிணிப் பெண்களிடம் இரண்டு செய்திகளையாவது கொண்டுசேர்க்க வேண்டும். பிரசவ அறைக்குள் உங்கள் துணையை உடன்வைத்துக்கொள்ளக் கேட்கலாம். உங்கள் உடலில் கத்தி வைக்குமுன் ‘ஏன்’ என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு ‘வழக்கம்’ என்பது விடையாகாது என்பதை, 1922 முதல் இன்றுவரை ஆயிரக்கணக்கான பெண்கள் பங்கேற்ற ஆய்வுகள் அவர்கள் பக்கம் நின்று சொல்கின்றன.